அரையணா ஒட்டிய கடிதம்: 1854 காலத் தபால்தலைகளைக் கவரோடு சேகரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டுப் பரணில் பழைய கடிதக்கட்டு ஒன்று கிடைத்தால் நம்மில் பலருக்கு முதலில் கை போவது தபால்தலைக்குத்தான். கிண்ணத்தில் தண்ணீர், அதில் கவரின் மூலை, அரை மணி நேரத்தில் தபால்தலை தனியாக மிதக்கும். பள்ளி நாட்களில் எல்லோரும் அப்படித்தான் பழகினோம். 1950-க்குப் பிந்தைய சாதாரணத் தபால்தலைக்கு அதில் பெரிய நஷ்டமில்லை. ஆனால் 1850-களின் கடிதத்தில் அதைச் செய்தால் திரும்பப் பெற முடியாத ஒன்றை அழித்துவிடுகிறோம். அந்தத் தபால்தலை எந்த ஊரில் ஒட்டப்பட்டது, என்றைக்குப் புறப்பட்டது, எந்த வழியாகப் போனது, எவ்வளவு எடைக்கு எவ்வளவு காசு என்ற எல்லாமே கவரில்தான் இருக்கிறது.

மொரீஷியஸின் 1847 ‘போஸ்ட் ஆபீஸ்’ தபால்தலைகள் உலகப் புகழ் பெற்றவை. அவற்றில் ஒரு பென்னி ஒன்றும் இரண்டு பென்ஸ் ஒன்றும் சேர்ந்து ஒட்டப்பட்டு, பிரான்ஸின் போர்தோ நகர மது வியாபாரிகளுக்குப் போன ஒரே கடிதம் 1993-இல் சூரிச் ஏலத்தில் கிட்டத்தட்ட 40 லட்சம் அமெரிக்க டாலருக்கு விலைபோனது. அதே வரிசையில் இரண்டு ஒரு பென்னி தபால்தலைகளோடு பம்பாய்க்கு வந்த இன்னொரு கடிதம் 1897-இல் இந்தியக் கடைத்தெரு ஒன்றில் கிடைத்தது. கண்டெடுத்தவர் அதை ஊறவைக்காமல் இருந்தாரே என்று எனக்கு இன்றும் நிம்மதியாக இருக்கும்.

அந்த உயரத்துக்கு நாம் போக வேண்டியதில்லை. 1854-இல் இந்தியா முழுமைக்கும் வெளியான முதல் தபால்தலைகள் கவரோடு இன்றும் கிடைக்கின்றன. நடுத்தர வருமானம் உள்ளவர் பொறுமையாகச் சேர்க்கக்கூடிய துறை இது. தமிழ் தெரிந்தவருக்கு இதில் தனியாக ஒரு பலமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், என்னென்ன தபால்தலைகள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆசியாவின் முதல் ஒட்டும் தபால்தலை ‘சிந்த் டாக்’. 1852 ஜூலை 1 அன்று சிந்து மாகாணத்தில் அப்போதைய ஆணையர் பார்ட்டில் ஃப்ரெரே அறிமுகப்படுத்தினார். மதிப்பு அரையணா. சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்று வகை. சிவப்பு அரக்குப் போன்ற வில்லையில் அழுத்தி எடுத்தது எளிதில் நொறுங்கிவிடும் என்பதால் மிகச் சிலவே மிஞ்சின. விலையும் அதிகம், போலியும் அதிகம். ஆரம்பத்தில் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

நம் களம் 1854. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் புதிய அஞ்சல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் தூரத்துக்கு ஏற்பக் கட்டணம், அதையும் பணமாகவே கட்ட வேண்டும். புதிய சட்டப்படி கட்டணம் எடைக்கு மட்டுமே. சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்கும் பெஷாவருக்கும் ஒரே காசு.

இதற்கான தபால்தலைகள் கல்கத்தாவில் சர்வேயர் ஜெனரல் அலுவலகத்தில், கேப்டன் ஹென்றி துலியர் மேற்பார்வையில், கல்லில் வரைந்து அச்சிடும் கல்லச்சு முறையில் அச்சாயின. வரைபடம் அச்சிடும் அலுவலகம் அது. நீல அரையணா, சிவப்பு ஓரணா, சிவப்புச் சட்டமும் விக்டோரியா ராணியின் நீலத் தலையுமாக இருநிற நாலணா ஆகியவை அங்கே உருவாயின. பச்சை இரண்டணா மட்டும் கல்கத்தா நாணயச் சாலையில் மேடான அச்சில் மை தடவி அழுத்தும் எழுத்தச்சு முறையில் அச்சானது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கிழித்தெடுக்க உதவும் ஓரத் துளை எதிலும் கிடையாது. அஞ்சலகத்தில் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தார்கள். அதனால்தான் நான்கு பக்கமும் ஓரம் முழுதாக உள்ள பிரதிக்கு இவ்வளவு மதிப்பு.

நாலணாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே தாள் இரண்டு முறை அச்சுக்குப் போனது: ஒரு முறை சிவப்புச் சட்டத்துக்கு, இன்னொரு முறை நீலத் தலைக்கு. அப்படிப் போனபோது தாளைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டதால் விக்டோரியாவின் தலை கவிழ்ந்த பிழை பிறந்தது. உலகின் மிக அரிய பிழைகளில் அது ஒன்று. சாதாரண நாலணாவையே பலர் எண்கோண வடிவத்தில் ஒட்ட நறுக்கி ஒட்டினார்கள். சதுரமாக, ஓரத்தோடு வெட்டிய நாலணாவுக்கும் எண்கோணமாக நறுக்கியதற்கும் விலையில் பெரிய வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்காகவே நறுக்கிய தபால்தலைக்கு மூலைகளை ஒட்டிச் சதுரமாக்கும் வேலையும் நடக்கிறது.

1855-லிருந்து லண்டன் டி லா ரூ நிறுவனம் அச்சிட்ட, துளையுள்ள தபால்தலைகள் வரத் தொடங்கின. நீலத் தாளில் கறுப்பு நாலணாவும் சிவப்பு எட்டணாவும் முதலில் வந்தன. 1865-இல் யானைத் தலை நீர்க்குறி, அதாவது தாளுக்குள்ளேயே பதிந்திருக்கும் மங்கலான உருவம், வந்தது. கையில் அதிகப் பணம் இல்லாதவர்கள் 1856 முதல் 1866 வரையான டி லா ரூ கவர்களில் தொடங்கலாம். படிப்பதற்கு அவற்றிலும் அதே அளவு விஷயம் இருக்கிறது.

அடுத்து, கட்டணத்தை மனப்பாடம் செய்யுங்கள்

கவர் சேகரிப்பில் பாதி அறிவு கட்டண அட்டவணைதான். 1854-இல் உள்நாட்டுக் கடிதத்துக்கு கால் தோலா வரை அரையணா, அரைத் தோலா வரை ஓரணா, ஒரு தோலா வரை இரண்டணா. காசு கட்டாமல் அனுப்பினால் பெறுபவர் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும். அதுதான் ‘பேரிங்’ கடிதம். நம் ஊர்களில் பெரியவர்கள் வாயில் இன்னும் இருக்கும் சொல்.

ஒரு தோலா 11.66 கிராம். அப்படியானால் கால் தோலா 3 கிராமுக்கும் குறைவு. இன்று நாம் அச்சிடும் ஒரு ஏ4 தாளே ஏறக்குறைய 5 கிராம் இருக்கும். அந்தக் காலக் கடிதங்கள் ஏன் அவ்வளவு மெல்லிய தாளில், தனி உறையே இல்லாமல், எழுதிய தாளையே மடித்து அதன் மேலேயே முகவரி எழுதி அனுப்பப்பட்டன என்பது இந்த ஒரு கணக்கில் புரிந்துவிடும். கையில் இருப்பது மூன்று பக்கம் நிறைந்த தடித்த தாள், ஆனால் ஒட்டியிருப்பது ஒற்றை அரையணா என்றால் அங்கே நிறுத்தி யோசியுங்கள்.

வெளிநாட்டுக்குப் போன கடிதத்துக்கு இன்னொரு கணக்கும் வேண்டும். 1 ரூபாய் 2 ஷில்லிங். ஆகவே 4 அணா 6 பென்ஸ், 8 அணா 1 ஷில்லிங், 1 பென்னி 8 பை. இதில் பை என்பது அணாவில் 12-இல் ஒரு பங்கு. 1860-இல் வந்த 8 பை தபால்தலை படைவீரர்களின் ஒரு பென்னிச் சலுகைக் கட்டணத்துக்காகவே பிறந்தது. அது ஒட்டிய கவரின் முகப்பில் படை அதிகாரியின் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

சிறிய எல்லை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்

‘பழைய இந்தியக் கவர்கள்’ என்று பொதுவாகத் தொடங்கினால் பணமும் கவனமும் சிதறிவிடும். எனக்குப் பிடித்த எல்லைகள் சில:

சென்னை மாகாண ஊர்கள். 1855 வாக்கில் அஞ்சலகங்களுக்கு எண் கொடுத்துத் தபால்தலையைக் குத்தும் முத்திரைகள் வந்தன. சென்னை அஞ்சல் வட்டத்துக்கு ஆங்கில ‘சி’ எழுத்தும் எண்ணும், வங்க வட்டத்துக்கு ‘பி’ எழுத்தும் எண்ணும். உங்கள் மாவட்டத்து ஊர்களின் எண்களை மட்டும் தேடினாலே பல வருஷத்துக்கு வேலை இருக்கும்.

இந்தியத் தபால்தலை ஒட்டி மலாயாவிலிருந்து வந்த கடிதங்கள். சிங்கப்பூரும் பினாங்கும் மலாக்காவும் 1867 வரை இந்திய அரசின் கீழ் இருந்ததால் அங்கே இந்தியத் தபால்தலைதான். ‘பி 172’ என்றால் சிங்கப்பூர், ‘பி 147’ என்றால் பினாங்கு. முத்திரையைப் படிக்கத் தெரியாதவர் இதைச் சாதாரண இந்தியக் கவர் என்றே விற்பார். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே நம் வியாபாரிகள் கடிதம் எழுதிக்கொண்டே இருந்த காலம் அது.

இலங்கை இன்னொரு அருமையான எல்லை. அங்கே முதல் தபால்தலை 1857 ஏப்ரல் 1 அன்று 6 பென்ஸ் மதிப்பில் வந்தது. அச்சிட்டது லண்டன் பெர்கின்ஸ் பேகன் நிறுவனம். அப்புறம் வந்த துளையில்லாத 4 பென்ஸ் இலங்கைத் தபால்தலைகளின் முடிமணி. 1872-இல் ரூபாய், சதக் கணக்கு வரும் வரை பென்ஸ்தான். இந்தியாவிலிருந்து இங்கிலாந்து போன பல கடிதங்களும் இலங்கையின் காலி ஊர்த் துறைமுகம் தொட்ட கப்பல்களில்தான் போயின.

கருவிகள்

10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், நீண்ட அலை புறஊதா விளக்கு, துளை அளவி, நுனி தட்டையான இடுக்கி, மில்லிமீட்டர் ஸ்கேல். இவை போதும். அப்புறம் தபால்தலை வகைகளைத் தொகுத்துத் தரும் ஸ்டான்லி கிப்பன்ஸ் பட்டியல் ஒன்று; பழைய பதிப்பானாலும் பரவாயில்லை, வகைகளை அறிய அது போதும். இரண்டு முழுப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து வைக்கும் பழக்கத்தை முதல் கவரிலிருந்தே தொடங்குங்கள்.

கவரைப் படிக்கும் வரிசை

கையில் வந்ததும் தபால்தலையைப் பார்க்காதீர்கள். கடினம்தான், ஆனால் பழகிவிடும். முதலில் பின்பக்கத்தைத் திருப்புங்கள். இந்தக் காலக் கடிதங்களில் தபால்தலை மேல் விழும் முத்திரைக்குப் பெரும்பாலும் தேதி இருக்காது. அது வைர வடிவப் புள்ளிகளாகவோ எண்ணாகவோ இருக்கும். தேதியுள்ள ஊர் முத்திரைகள் பின்பக்கத்தில் இருக்கும். புறப்பட்ட ஊர், வழியில் மாறிய ஊர், சேர்ந்த ஊர் என்று வரிசைப்படுத்துங்கள். நாட்கள் முன்னுக்குப் பின் முரணாக இல்லையா, அந்த வழி அந்தக் காலத்தில் சாத்தியமா என்று பாருங்கள்.

அப்புறம் முன்பக்கம். முகவரியின் கையெழுத்து, மூலையில் பேனாவால் எழுதிய எடையோ கட்டணமோ, காசு கட்டியாயிற்று என்று சொல்லும் ‘இந்தியா பெய்ட்’ போன்ற முத்திரை, கப்பல் கடிதக் குறி. இதெல்லாம் முடிந்த பிறகு தபால்தலை. அது சரியான கட்டணத்துக்கு இருக்கிறதா? முத்திரையின் மை தபால்தலையிலிருந்து தாளுக்குத் தாண்டி ஓடுகிறதா? லென்ஸில் பார்த்தால் அந்த ஓட்டம் விளிம்பில் தடுக்காமல் தொடர வேண்டும். பல உண்மையான கவர்களில் முத்திரை தபால்தலைக்குள்ளேயே அடங்கியிருக்கும், அதனால் மட்டும் கவரை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அப்போது மற்றச் சான்றுகள் இன்னும் பலமாக இருக்க வேண்டும்.

கடைசியாகக் கடிதத்தின் உள்பக்கம். தமிழ் வாசகருக்குள்ள பலம் என்று சொன்னேனே, அது இங்கேதான்.

வியாபாரிகளின் பழைய தமிழ்க் கடிதங்கள் பெரும்பாலும் ‘உ’ போட்டுத் தொடங்கும். தேதி தமிழ் வருஷத்தில் இருக்கும். வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳ என்ற குறிகள், எண்கள் ௧, ௨, ௩ என்று. இதைப் படிக்கத் தெரிந்தால் முத்திரை மங்கியிருந்தாலும் வருஷம் கிடைத்துவிடும். 1854 ஏப்ரல் முதல் 1855 ஏப்ரல் வரை ஆனந்த. அடுத்தடுத்து இராட்சச, நள, பிங்கள, காளயுக்தி, சித்தார்த்தி, ரௌத்திரி, துன்மதி, துந்துபி, ருத்ரோத்காரி, ரக்தாட்சி, குரோதன, அட்சய என்று 1867 ஏப்ரல் வரை போகும். இந்தப் பட்டியலை ஒரு அட்டையில் எழுதி லென்ஸோடு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வாங்கிய ஐந்தாவது கவர் இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது. நீல அரையணா, நான்கு பக்கமும் நல்ல ஓரம், சென்னையிலிருந்து கும்பகோணத்துக்கு. பின்பக்க முத்திரையில் நாளும் மாதமும் ஓரளவு தெரிந்தன, வருஷம் மட்டும் மை கரைந்திருந்தது. விற்றவர் 1855 என்றார், நானும் நம்பி இரண்டு மாதச் சேமிப்பைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து மடிப்பைப் பிரித்தபோது உள்ளே பிரமாதீச௵ மாசி௴ என்று தெளிவாக எழுதியிருந்தது. பிரமாதீச என்பது ஆனந்தவுக்கு முந்தைய வருஷம். மாசி என்றால் 1854 பிப்ரவரி, மார்ச். தபால்தலை பிறந்தது அந்த அக்டோபரில், ஆனந்த வருஷம் புரட்டாசி நடுவில். ஏழு மாதம் முன்னால் எழுதிய கடிதத்தில் அது எப்படி வந்திருக்கும்? வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். தபால்தலைக்கு அடியில் பேனா எழுத்து ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, பணம் கட்டியதற்கான பழைய குறிப்பு. தபால்தலை இல்லாத ஒரு நல்ல கடிதத்தின் மேல் யாரோ உண்மையான அரையணாவை ஒட்டி, பொய் முத்திரை குத்தியிருந்தார்கள். தபால்தலையும் உண்மை, கடிதமும் உண்மை. இரண்டுக்கும் சம்பந்தம்தான் பொய். அந்த ஏமாற்றம் பல நாள் மனதில் இருந்தது. தபால்தலைக் காலத்துக்கு முந்தைய ஒரு அழகான கடிதத்தைக் கெடுத்துவிட்டார்களே என்ற வருத்தம் பணம் போனதைவிட அதிகம்.

போலியைக் கண்டுபிடிக்க

மேலே சொன்ன ‘சேர்த்து ஒட்டிய’ கவர்தான் இந்தத் துறையில் மிகவும் பரவலான மோசடி. அதற்கான சோதனைகள்:

- புறஊதா விளக்கில் 1850-களின் தாள் பளிச்சென்று நீல வெள்ளையாக ஒளிராது. அந்த ஒளி தரும் வெண்மையூட்டிகள் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்தவை. தபால்தலையின் விளிம்பைச் சுற்றி மட்டும் ஏதாவது ஒளிர்ந்தால் புதுப் பசை என்று சந்தேகப்படுங்கள். நாலணாவின் ஒட்டுப்போட்ட மூலைகளும் இங்கே காட்டிக்கொடுக்கும்.
- கல்லச்சில் மை தாள்மேல் தட்டையாகப் படிந்திருக்கும். எழுத்தச்சில் கோட்டின் விளிம்பில் மை ஒதுங்கி நிற்கும். நீல அரையணாவில் விளிம்பு ஒதுங்கியிருந்தால் அது கல்லச்சு இல்லை.
- 1854 தபால்தலைத் தாளில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம் பெரிய நீர்க்குறியாகத் தாள் முழுக்கப் பரவியிருக்கும். ஒரு தபால்தலையில் அதன் சிறு துண்டுதான் விழும், சிலவற்றில் விழாமலும் போகும். பிற்காலத்தில் இந்த வடிவங்களை மறுஅச்சும் செய்திருக்கிறார்கள்.
- கடிதத்தின் மடிப்புக்கோடு தபால்தலை வழியாகப் போனால் தபால்தலையிலும் அதே மடிப்பு இருக்க வேண்டும். தாளில் கறை இருந்தால் கறையும் அதன்மேல் தொடர வேண்டும்.

விலை உயர்ந்த கவருக்கு உங்கள் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். லண்டன் ராயல் ஃபிலாடெலிக் சொசைட்டியின் நிபுணர் குழு கட்டணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் தருகிறது. நாலணா கவர், மலாயா கவர் போன்றவற்றைச் சான்றிதழ் இல்லாமல் பெரிய விலைக்கு வாங்க வேண்டாம். சான்றிதழில் உள்ள படமும் கையில் உள்ள கவரும் ஒன்றேதானா என்று கோடு கோடாக ஒப்பிடுங்கள்.

எங்கே வாங்குவது

முதல் ஆறு மாதம் எதையும் வாங்காமல் ஏலப் பட்டியல்களைப் படிப்பது நல்லது. முன்பக்கம், பின்பக்கம் இரண்டின் படமும் இருந்தால் அது இலவசப் பாடம். சென்னையில் இருப்பவர்கள் தென்னிந்திய ஃபிலாடெலிஸ்ட்ஸ் அசோசியேஷன் கூட்டங்களுக்குப் போகலாம். நூறு கவர்களைக் கையில் எடுத்துப் பார்த்த அனுபவத்தை எந்தத் திரையும் தராது. டெல்லி டாக் பவனில் உள்ள தேசிய தபால்தலை அருங்காட்சியகத்தையும் ஒருமுறை பாருங்கள்.

இணையத்தில் வாங்கும்போது பின்பக்கப் படமும் உள்பக்கப் படமும் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் விட்டுவிடுங்கள். ‘திருப்பி எடுத்துக்கொள்வீர்களா’ என்பதை எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் சுங்கத்தையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். இந்தியாவிலிருந்து வெளியே அனுப்புவது வேறு விஷயம்: 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் 100 ஆண்டுக்கு மேற்பட்ட பொருள்களையும், 75 ஆண்டுக்கு மேற்பட்ட வரலாற்று மதிப்புள்ள கையெழுத்து ஆவணங்களையும் கட்டுப்படுத்துகிறது. தொல்லியல் துறையிடம் விசாரிக்காமல் எதையும் அனுப்ப வேண்டாம்.

குடும்பக் கடிதக்கட்டு ஒன்று மொத்தமாக விலைக்கு வந்தால் பிரிக்காமல் வாங்கப் பாருங்கள். ஒரே கையெழுத்து, ஒரே முகவரி, பத்து வருஷக் கடிதங்கள் ஒன்றாக இருந்தால் ஒன்றின் குறை மற்றொன்றில் தீரும். பிரித்து விற்றால் அந்தத் தொடர்பு பிறகு எவருக்கும் கிடைக்காது.

நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் காப்பாற்றுவது

கடலோர ஊர்களில் முதல் எதிரி ஈரம். தாளில் பழுப்புப் புள்ளிகள் விழுந்தால் திரும்பாது. குளியலறைச் சுவரை ஒட்டிய பீரோ, மழைக்காலத்தில் ஊறும் வெளிச்சுவர் அலமாரி இரண்டும் வேண்டாம். மைலார் எனும் பாலியெஸ்டர் உறைகள் வாங்குங்கள். பி.வி.சி உறை சில வருஷத்தில் பிசுபிசுத்து மையை இழுத்துவிடும். உறைக்குள் அமிலமற்ற அட்டை, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து காற்றாட விடுவது. ராமபாணப் பூச்சிக்கு வேப்பிலை வைக்கும் வழக்கம் நல்லதுதான், ஆனால் இலை தாளைத் தொடக்கூடாது, கறை ஏறிவிடும். செல்லோடேப், லேமினேஷன், கோந்து எதுவுமே கிட்டே வரக்கூடாது. வெயில் படும் சுவரில் சட்டமிட்டு மாட்டினால் நிறம் வெளுத்துவிடும். ஸ்கேன் எடுத்த படத்தை மாட்டுங்கள்.

கடிதத்தைச் சுத்தம் செய்யாதீர்கள். மூலையில் மஞ்சள் இருந்தால் அது கல்யாணச் செய்தியோ புதுக்கணக்குச் செய்தியோ. மூலை கறுத்திருந்தால் சாவுச் செய்தியாக இருக்கலாம். அரக்கு முத்திரையின் உடைந்த துண்டுகூட இருந்த இடத்தில் இருக்கட்டும்.

கடைசி வேலை, எழுதி வைப்பது

ஒவ்வொரு கவருக்கும் ஒரு பக்கம். மேலே புறப்பட்ட ஊர், சேர்ந்த ஊர், தேதி, தமிழ் வருஷம். கீழே கட்டணக் கணக்கு: எத்தனை தோலா, எத்தனை அணா, ஏன் அந்தத் தொகை. முத்திரைகளை ஒவ்வொன்றாக வரைந்து காட்டுங்கள். எங்கே, என்றைக்கு, என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதைத் தனிக் குறிப்பேட்டில் எழுதுங்கள். வீட்டில் இன்னொருவருக்கு அது இருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும். உள்ளே உள்ள கடிதத்தை வரிக்கு வரி படியெடுத்துச் சேருங்கள். அரிசி விலை, கப்பல் வந்த நாள், பையனுக்குக் காய்ச்சல் என்று அதில் இருப்பதைப் பழைய தமிழ் எண்ணும் சுருக்கெழுத்தும் தெரிந்தவர்களால்தான் படித்துச் சொல்ல முடியும். நான் அந்தக் கெட்டுப்போன கும்பகோணம் கவருக்கும் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அரையணாவுக்குக் கீழே ‘பின்னாளில் ஒட்டப்பட்டது’ என்று பென்சிலில் குறித்து, மாசி மாதக் கடிதத்தை முழுதாகப் படியெடுத்து, என் தொகுப்பின் முதல் பக்கமாக வைத்திருக்கிறேன்.